ஐந்து முறை கோப்பை வென்ற நைஜீரியப் பையன்கள் பெரியவர்களானதும் எங்கே போனார்கள்?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "நைஜீரியா 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையை 5 முறை ஜெயித்திருக்கிறது. வேறு எந்த நாடும் அத்தனை முறை ஜெயித்ததில்லை. ஆனால் பெரியவர்கள் உலகக் கோப்பையில் அவர்கள் காலிறுதிக்குக்கூடப் போனதில்லை. எல்லாம் வயதைக் குறைத்துக் காட்டி வாங்கிய கோப்பைதானே?" இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நைஜீரியா வயதில் ஏமாற்றியதா என்பது ஒன்று. பதினேழு வயதில் உலகத்தையே ஜெயித்த பையன்கள் இருபத்தைந்து வயதில் ஏன் அப்படி ஆடவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிடும் என்று கேட்டவர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வட சென்னையில் 22 வருடமாகப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். 13, 15, 17 வயதுப் பிரிவுகளில் செலக்‌ஷனுக்கு உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்கும் பையனின் முகத்தையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்த அனுபவம் நிறைய உண்டு. நைஜீரிய இளையோர் அணியை 1993-லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறேன். அந்த அணியை அங்கே 'கோல்டன் ஈக்லெட்ஸ்' என்பார்கள், கழுகுக் குஞ்சுகள் என்று பொருள்.

கதை 1985-ல் சீனாவில் தொடங்குகிறது. இந்தப் போட்டி முதன்முதலாக நடந்தது அங்கேதான், அப்போது அது 16 வயதுக்குட்பட்டோருக்கானது. பெய்ஜிங் இறுதியாட்டத்தில் நைஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-0 என்று தோற்கடித்தது. உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா நடத்தும் கோப்பை ஒன்றை ஓர் ஆப்பிரிக்க நாடு தூக்கியது அதுவே முதல் முறை. தூக்கியவர் கேப்டன் ந்டுகா உக்படே. அன்று கோல் அடித்தவர்களில் ஒருவரான ஜொனாதன் அக்போபொரி பின்னாளில் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவிலேயே ஸ்டுட்கார்ட், வொல்ஃப்ஸ்பர்க் அணிகளுக்கு ஆடினார். 1987-ல் கனடாவில் மறுபடியும் இறுதியாட்டம். சோவியத் யூனியனிடம் பெனால்டியில் தோல்வி. 1989-ல் ஸ்காட்லாந்தில் காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் அதே பெனால்டித் தோல்வி, அந்த வருடம் கோப்பையே சவூதிக்குப் போனது.

அதற்குப் பிறகு வந்த அடிதான் கேட்டவரின் சந்தேகத்துக்கு வேர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடிய நைஜீரிய வீரர்கள் மூன்று பேருக்கு அங்கே கொடுத்த பிறந்த தேதியும் முந்தைய இளையோர் போட்டிகளில் கொடுத்திருந்த தேதியும் வேறு வேறாக இருப்பதை ஃபிஃபா கண்டுபிடித்தது. நைஜீரியாவுக்கு இரண்டு வருடத் தடை. 1991-ல் அவர்கள் நடத்த வேண்டியிருந்த இளையோர் உலகப் போட்டியும் கையை விட்டுப் போய் போர்ச்சுகலுக்கு மாறியது. ஆகவே வயதில் பொய் சொன்ன வழக்கு நைஜீரியாவில் உண்டு என்பது ஃபிஃபாவே தண்டனை கொடுத்து உறுதி செய்த விஷயம், வெறும் வதந்தியாக அதைத் தள்ள முடியாது.

தடை முடிந்து அவர்கள் திரும்பி வந்த வருடம் 1993, இடம் ஜப்பான். ஃபேன்னி அமுன் கோச், வில்சன் ஒருமா கேப்டன், கூடவே நுவான்கோ கானு, செலஸ்டின் பாபயாரோ. கனடாவை 8-0 என்று அடித்தார்கள். ஹிதேதோஷி நகாட்டா ஆடிய ஜப்பானைக் காலிறுதியில் தாண்டி, இறுதியில் கானாவை 2-1 என்று வென்றார்கள். (பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதற்குப் பதில் காலால் உதைத்துப் போடும் விதியை அந்தப் போட்டியில் சோதித்துப் பார்த்தார்கள். அது நிலையான விதியாக ஆகவில்லை.) மூன்றே வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், ஒருமா, கானு, பாபயாரோ மூவரும் தங்கப் பதக்கம் வென்ற அணியில் இருந்தார்கள். அரையிறுதியில் பிரேசிலை 4-3, இறுதியில் அர்ஜென்டினாவை 3-2. அந்த அரையிறுதியின் கடைசி கோல் கானு அடித்தது. சின்ன வயதில் ஜெயித்தவர்கள் பெரியவர்களானதும் காணாமல் போனார்கள் என்ற பேச்சு இந்த ஓர் அணிக்காவது பொருந்தவில்லை.

சரி, வயதுக்கு வருவோம். நம் ஊரில் பழைய காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் வாத்தியார் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். பள்ளி திறக்கும் காலத்துக்குத் தோதாக மே, ஜூனில் ஏதாவது ஒரு நாள். என் அப்பாவின் பிறந்தநாள் அப்படி வந்ததுதான், பாட்டியைக் கேட்டால் ஐப்பசி அடைமழையில் பிறந்தான் என்பாள். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் ஊருக்குள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நைஜீரியாவிலும் பிறப்புப் பதிவு பல காலம் அரைகுறையாகவே இருந்தது. தேதி தெரியாமல் போட்டது, தெரிந்தே குறைத்துப் போட்டது இரண்டும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். பின்னதுக்குக் காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் ஏஜென்ட் 17 வயதுப் பையனுக்குக் கொடுக்கும் விலையை 20 வயதுக்காரனுக்குக் கொடுக்க மாட்டார்.

அந்தக் காது தொடும் சோதனையின் புதிய வடிவம்தான் ஃபிஃபாவின் எம்.ஆர்.ஐ. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வந்து முடியும் எலும்பின் முனையில், வளரும் பையன்களுக்கு ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். வளர்ச்சி முடிய முடிய அது எலும்போடு ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை ஆறு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், ஆறாவது நிலை முழுக்க ஒட்டிப்போனது. சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் வயது உறுதியாகத் தெரிந்த 14 முதல் 19 வயது வரையிலான 496 பையன்களைப் படம் எடுத்துப் பார்த்து இந்த அளவுகோலை வைத்தார்கள். 17 வயதுக்கு முன்னால் முழுக்க ஒட்டிப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எக்ஸ்ரே இல்லை என்பதால் கதிர்வீச்சும் கிடையாது.

இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆறாவது நிலையில் இருக்கும் பையனுக்கு 17 தாண்டிவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆறாவதை எட்டாதவனுக்கு 17 தாண்டவில்லை என்று சொல்ல முடியாது. 18 வயதிலும் ஒட்டாத எலும்பு உண்டு. ஆக, சோதனையில் தேறியவன் எல்லாம் உண்மையான வயதுக்காரன் என்று இல்லை. 22 வயதுக்காரனை அது பெரும்பாலும் பிடித்துவிடும், 18 வயதுக்காரன் நழுவ வாய்ப்புண்டு. தனி ஒரு வீரரின் பெயரைச் சொல்லி "இவருக்கு உண்மையில் இத்தனை வயது" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, அதற்கு ஆதாரம் வேண்டும். அதனால்தான் குற்றம் சாட்டப்பட்ட வீரர் எவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

இந்தச் சோதனை உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது 2009-ல். அதற்கு முன் நைஜீரியா வென்றது மூன்று: 1985, 1993, பிறகு 2007. இந்த 2007 தென்கொரியப் போட்டியை என்னால் மறக்க முடியாது. கோச் யெமி டெல்லா நுரையீரல் புற்றுநோயோடு பையன்களை வழிநடத்தினார். அரையிறுதியில் டோனி க்ரூஸ் ஆடிய ஜெர்மனியை 3-1 என்று வென்று, இறுதியில் ஸ்பெயினோடு கோலே இல்லாமல் சமமாகி, பெனால்டியில் 3-0 என்று ஜெயித்தார்கள். ஸ்பெயினால் ஒரு பெனால்டியைக்கூட உள்ளே போட முடியவில்லை. கோப்பையோடு நாடு திரும்பி ஆறு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபரில் டெல்லா இறந்துபோனார்.

2009-ல் போட்டியை நடத்தியதே நைஜீரியாதான். போட்டிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்ததில், தயார் செய்து வைத்திருந்த பையன்களில் பலரை நீக்க வேண்டி வந்தது. அவசரமாகச் சேர்த்த அணியோடு இறுதியாட்டம் வரை போய், அபுஜாவில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றார்கள். அடுத்து வந்ததைக் கவனிக்க வேண்டும். 2013, ஐக்கிய அரபு அமீரகம்: முதல் ஆட்டத்தில் மெக்சிகோவை 6-1, இறுதியில் அதே மெக்சிகோவை 3-0, மொத்தம் 26 கோல். கெலெச்சி இஹெனாச்சோ போட்டியின் சிறந்த வீரர். 2015, சிலி: இறுதியில் மாலியை 2-0 என்று வென்றார்கள். விக்டர் ஒசிம்ஹென் 10 கோல் அடித்தார், அதுவரை ஒரே போட்டியில் யாரும் தொடாத எண்ணிக்கை. ஐந்தில் இரண்டு கோப்பைகள் எம்.ஆர்.ஐ. வந்த பிறகு கிடைத்தவை. எல்லாமே வயதுப் பொய்தான் என்ற வாதம் இங்கே உடைந்துவிடுகிறது. அதே சமயம், பொய் நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2016-ல் அடுத்த உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று வந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட பையன்கள் சோதனையில் விழுந்தார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. பதினேழு வயதில் கோப்பை வாங்கிய நாடு பெரியவர்களாகவும் வாங்க வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? அர்ஜென்டினா இந்த 17 வயதுப் போட்டியில் ஒரு முறைகூட இறுதிக்குப் போனதில்லை, பெரியவர்கள் உலகக் கோப்பை மூன்று. இத்தாலியும் 17 வயதுக் கோப்பையைத் தொட்டதில்லை, பெரிய கோப்பை நான்கு. ஜெர்மனி பெரிய கோப்பையை நான்கு முறை வாங்கி முடித்த பிறகு, 2023-ல்தான் முதன்முதலாகச் சின்னக் கோப்பையை வாங்கியது. ஸ்பெயின் நான்கு இறுதியாட்டங்களில் தோற்றது. மறுபக்கம் கானா இரண்டு முறை, மெக்சிகோ இரண்டு முறை, சவூதி ஒரு முறை இதை வென்றிருக்கின்றன. சின்னக் கோப்பைக்கும் பெரிய கோப்பைக்கும் நடுவில் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்ப்பாதை இல்லை. 2009-ல் நெய்மாரும் கூட்டினியோவும் ஆடிய பிரேசில் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது.

அந்த 2009 இறுதியாட்டத்தில் ஆடிய இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதிப் பதில் கிடைக்கும். சுவிஸ் பக்கம் கிரானிட் ஷாக்கா, ரிக்கார்டோ ரோட்ரிகெஸ், கோல் அடித்த ஹாரிஸ் செஃபெரோவிச். போட்டி முடிந்ததும் ஷாக்கா பாசெல் கிளப்புக்கும் ரோட்ரிகெஸ் ஜூரிக் கிளப்புக்கும் திரும்பினார்கள். அங்கே கோச் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், வாரா வாரம் ஆட்டம் இருக்கிறது, ஒழுங்காகச் சம்பளம் வருகிறது. மூவரும் பல வருடம் சுவிஸ் தேசிய அணியில் ஆடினார்கள். நைஜீரியப் பக்கம் கென்னத் ஒமெருவோ, ஒகெனி ஒனாசி இருவரும் 2013-ல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற அணி வரை வந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் போட்டியின் சிறந்த வீரர் விருதை வாங்கிய சானி இமானுவேல் இத்தாலியின் லாசியோ வரை போயும் அங்கே நிலைக்க முடியவில்லை. 2007-ல் அதிக கோல் அடித்த மகாலி கிரிசான்டஸ் ஹாம்புர்க் போனார், அங்கே முதல் அணியில் இடம் பிடிக்கவில்லை. 2015-ன் சிறந்த வீரர் கெலெச்சி நுவகாலியை ஆர்சனல் வாங்கியது. முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல், வேறு கிளப்புகளுக்குத் தற்காலிக இரவலாகப் பல ஊர் சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

இதற்கு விதிகளும் காரணம். 18 வயது ஆகாத வீரரை வெளிநாட்டுக் கிளப் வாங்கக் கூடாது என்று ஃபிஃபா 2001-லிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போய் நடுத்தெருவில் விடும் தரகர்களைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதன் விளைவு, 16-லிருந்து 18 வரை பையன் சொந்த நாட்டிலேயே வளர வேண்டும். அந்த நாட்டில் இளையோருக்கு ஒழுங்கான லீக் இல்லையென்றால், உலகக் கோப்பைக்காக மாதக் கணக்கில் முகாமில் வைத்துத் தீட்டிய பையன் அடுத்த மாதமே ஆட ஆட்டமில்லாமல் நிற்பான். 18 ஆனதும் முதலில் கிடைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான். தைவோ அவோனியியை 2015-ல் லிவர்பூல் வாங்கியது, பணி அனுமதி கிடைக்காததால் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று ஆறேழு முறை இரவலாகப் போக வேண்டியிருந்தது. அவர் தாக்குப்பிடித்து மேலே வந்தார். தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் எத்தனையோ பேர்.

பெரியவர்கள் கோப்பைக் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நைஜீரியா ஆறு உலகக் கோப்பைகளில் ஆடி, 1994, 1998, 2014 என்று மூன்று முறை முதல் சுற்றைத் தாண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறது. லாகோஸில் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்து, சிக்னலில் தண்ணீர்ப் பாக்கெட் விற்ற ஒசிம்ஹென், 2022-23 பருவத்தில் 26 கோல் அடித்து நாப்போலிக்கு இத்தாலிய லீக்கை வாங்கிக் கொடுத்தார். இதைத் தோல்விக் கதை என்று என்னால் சொல்ல முடியாது.

என் கிரவுண்டிலிருந்து ஒன்று சொல்கிறேன், இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் கேட்காதீர்கள், பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டச் செலக்‌ஷனில் இரண்டு பையன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவனுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்து, என் தோள் உயரம். மற்றவன் இரவல் ஸ்டட்ஸில் முன்பக்கம் துணி அடைத்துப் போட்டிருந்த ஒல்லிப்பையன். நான் பெரியவனின் சான்றிதழைத்தான் மூன்று முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் பிறந்த அரசு மருத்துவமனைப் பதிவு வரை எல்லாம் சரியாக இருந்தது, நிஜமாகவே 13 வயது. ஒல்லிப்பையனுக்குத்தான் 15 நடந்துகொண்டிருந்தது, தேதியை மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றிலிருந்து உடம்பைப் பார்த்து வயது சொல்வதை விட்டுவிட்டேன். இன்னொன்றும் கற்றேன். உடனே கோப்பை வேண்டும் என்று நிர்வாகம் நெருக்கும்போது, எந்த கோச்சும் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையனைத்தான் எடுப்பார், பொய்ச் சான்றிதழே இல்லாவிட்டாலும். மூன்று வருடம் கழித்து மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அவனுடைய பலம் அவனிடமிருந்து போய்விடும். பதினேழு வயதில் கோப்பை வாங்க எடுக்கும் பையனும், இருபத்தைந்து வயதில் ஆட வைக்க எடுக்க வேண்டிய பையனும் பல நேரங்களில் வேறு வேறு ஆட்கள். நைஜீரியாவுக்கு நடந்ததில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கருத்து.

2017-ல் போட்டி இந்தியாவுக்கு வந்தபோது நைஜீரியாவைப் பார்க்கும் ஆசையில் இருந்தேன். தகுதிச் சுற்றிலேயே பக்கத்து நாடான நைஜர் அவர்களை வெளியேற்றிவிட்டது. என்னிடம் ஆடிய நான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்கு ரயில் ஏறினேன். பிரேசில்-ஸ்பெயின் ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் பாதி எழுந்து போய்விட்டது. நாங்கள் உட்கார்ந்து, அந்த நைஜர் வட கொரியாவை 1-0 என்று ஜெயித்ததைப் பார்த்தோம். அது அவர்களின் முதல் உலகக் கோப்பை. கடைசி விசில் அடித்ததும் அந்தப் பையன்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டதை என் பையன்கள் நின்றுகொண்டே கைதட்டிப் பார்த்தார்கள். நைஜீரியா 2019-ல் பிரேசிலுக்குப் போய், முதல் நாக் அவுட் ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 1-3 என்று தோற்றது. 2023-லும், 48 அணிகளாக விரிந்த 2025 கத்தார் போட்டியிலும் அவர்கள் தகுதி பெறவே இல்லை.

கேட்டவருக்கு நேரம் இருந்தால், 2009 அபுஜா இறுதியாட்டத்தின் பதிவு எங்காவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 63-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வரும் பந்தைச் செஃபெரோவிச் தலையால் முட்டி உள்ளே தள்ளுவார். அந்த இடத்தில் நிறுத்தி, களத்தில் நிற்கும் 22 பேரின் பெயரையும் எழுதிக்கொண்டு, அடுத்த ஐந்து வருடம் அவர்கள் ஒவ்வொருவரும் எந்தக் கிளப்பில், எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள்.